வயலில் போடும் உரமும் கடலில் பிடிக்கும் மீனும்

(வானொலிப் பண்ணைப் பேச்சு)

இன்றைக்கு உங்களோடு கடல் மீனைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் வைக்கிற எங்களுக்கு மீனைப் பற்றி என்ன பேச்சு? அதைக் குப்பத்து ஆட்களிடம் போய்ச் சொல்லுங்க" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் திண்டிவனம் மார்க்கெட்டிலும் விழுப்புரம் மார்க்கெட்டிலும் மீன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நம்ம கிராமத்து ஜனங்கள். மரக்காணத்திலிருந்தும் அனுமந்தையிலிருந்தும் கூனிமேட்டிலிருந்தும் வண்டியில் பெட்டி கட்டி, ஊர் ஊராக மீன் வருகிறது. நெத்திலி, காரப்பொடி, மத்தி, சங்கரா என்று வாரத்தில் ஒரு நாளாவது நம்ம வீட்டுச் சட்டியில் மீன் குழம்பு கொதிக்கிறது. பிள்ளைகளுக்குப் புரதச் சத்து குறைந்த செலவில் கிடைக்க வேண்டுமானால் மீனைப் போல வேறொன்று இல்லை. பொடி மீனை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது.

அந்த மீன் நல்ல மீனாக இருக்க வேண்டும் என்றால் கடல் நல்ல கடலாக இருக்க வேண்டும். கடல் நல்ல கடலாக இருப்பதில் நம்ம வயலுக்கும் ஒரு பங்கு உண்டு. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

நம்ம தண்ணீர் எங்கே போகிறது?

முதலில் நம்ம வயலில் இருந்து வழிகிற தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். செஞ்சிப் பக்கம் பெய்கிற மழை சங்கராபரணி ஆற்றில் சேருகிறது. வீடூர் அணையைத் தாண்டி, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. திருக்கோவிலூர், விழுப்புரம் பக்கத்துத் தண்ணீர் தென்பெண்ணையில் விழுந்து கடலூர் அருகே கடலுக்குப் போகிறது. திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரத்து ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்று வழிந்து கடைசியில் கழுவெளியில் போய் இறங்குகின்றன.

கழுவெளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். அந்தத் தண்ணீர் மரக்காணம் பக்கத்தில் எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு கலக்கிறது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் அது இடம் பெற்றது. பறவை அங்கே ஏன் வருகிறது? மீன் இருப்பதால் வருகிறது. மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் இந்த மாதிரிக் கழிகளில்தான் குஞ்சாக இருந்து வளர்கின்றன. கழிமுகம் கடல் மீனுக்கு நாற்றங்கால் மாதிரி. நாற்றங்கால் கெட்டால் நடவு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டது. எத்தனை பேருடைய வயலில் மேல்மண் போயிற்று! அந்த மண்ணோடு அதில் போட்ட உரமும் போயிற்று. அத்தனையும் போய்ச் சேர்ந்த இடம் கடல்தான்.

ஒரு மூட்டை யூரியாவின் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இப்போதைய யூரியா மூட்டை 45 கிலோ. யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. அப்படியானால் ஒரு மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து இருக்கிறது. சம்பா நெல்லுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுவான சிபாரிசு. ஏக்கருக்கு 60 கிலோ ஆகிறது. அதாவது எல்லாவற்றையும் யூரியாவாகவே போட்டாலும் மூன்று மூட்டைக்குள் அடங்கிவிடும். டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலேயே மூட்டைக்கு 9 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். தொழுவுரமும் பசுந்தாளும் போட்டவர்களுக்கு இன்னும் குறையும்.

ஆனால் நடப்பது என்ன? "பக்கத்துக் கழனிக்காரர் ஒரு மூட்டை கூடப் போட்டிருக்கிறார், பயிர் கருகருவென்று நிற்கிறது" என்று நாமும் ஒரு மூட்டை கூடப் போடுகிறோம். விலை மலிவாக இருப்பதால் கை தாராளமாகப் போகிறது. போட்டதில் பயிர் எடுத்துக்கொள்வது எவ்வளவு தெரியுமா? தண்ணீர் கட்டிய நெல் வயலில் பாதிகூட இல்லை. பல இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் போகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் சேருகிறது. இன்னொரு பகுதி வடிகாலில் கரைந்து ஓடுகிறது. டி.ஏ.பி.யில் இருக்கிற மணிச்சத்து இப்படிச் சுலபமாகக் கரைந்து ஓடாது, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மழையில் மண் அரித்துப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.

காசு கொடுத்து வாங்கிய சரக்கு கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்கால் வழியே போகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாமோ அளக்காமலே ஆற்றில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடலில் உரம் என்ன செய்யும்?

"உரம் நல்லதுதானே? பயிரை வளர்க்கிறது மீனை வளர்க்காதா?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. அளவோடு போனால் வளர்க்கத்தான் செய்யும். மழைக்கு ஆறு கொண்டு போகிற வண்டலால்தான் கழிமுகத்தில் மீன் பெருகுகிறது. கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவைதான் கடலின் புல். அதைத் தின்று சின்னப் பூச்சிகளும், பூச்சிகளைத் தின்று நெத்திலியும் மத்தியும், அவற்றைத் தின்று வஞ்சிரமும் சூரையும் வளர்கின்றன. மீனில் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற கொழுப்பு இருக்கிறதே, அதுகூட மீன் தானாக உண்டாக்கியது அல்ல. நல்ல வகை நுண்பாசியிலிருந்து படிப்படியாக ஏறி வந்ததுதான்.

அளவு மிஞ்சும்போதுதான் ஆபத்து. இதை விளக்க நான் கடலுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்த் தாங்கலிலோ குட்டையிலோ பார்த்திருப்பீர்கள். சாக்கடையும் வயல் வடிநீரும் சேர்ந்த குட்டையில் தண்ணீர் பச்சைப் பசேல் என்று குழம்பி நிற்கும். ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். வெயில் ஏறினால் சில பிழைக்கும், சில செத்து மிதக்கும். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டைகூட வரும். அங்கே மருந்து எதுவும் இல்லை. பாசிதான் காரணம்.

பகலில் வெயில் இருக்கும்போது பாசி பிராணவாயுவை வெளியே விடும். இராத்திரியில் அதுவும் நம்மைப் போலப் பிராணவாயுவை உறிஞ்சும். பாசி அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால் விடிவதற்குள் தண்ணீரில் இருக்கிற பிராணவாயு முழுக்கத் தீர்ந்துபோகும். அதனால்தான் மீன் விடியற்காலையில் தவிக்கிறது. இன்னொன்றும் உண்டு. பாசிக்கு ஆயுள் கொஞ்ச நாள்தான். செத்த பாசி அடியில் போய் அழுகும். அதை அழுகச் செய்கிற நுண்கிருமிகளும் பிராணவாயுவைத்தான் தின்னும். அடித் தண்ணீர் மூச்சில்லாத தண்ணீர் ஆகிவிடும். நீந்தத் தெரிந்த மீன் ஓடிவிடும். நண்டும் மட்டியும் குஞ்சுகளும் எங்கே ஓடும்? அங்கேயே சாகும்.

அமெரிக்காவில் மிசிசிப்பி என்று ஒரு பெரிய ஆறு. அதன் கரை நெடுக லட்சக்கணக்கான ஏக்கரில் மக்காச்சோளம். அந்த வயல்களில் வழிகிற உரம் மெக்சிகோ வளைகுடாவில் போய்ச் சேருகிறது. கோடைதோறும் அங்கே கடலடியில் பிராணவாயு இல்லாத ஒரு பகுதி உண்டாகிறது. 2017-இல் அதன் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. நம்ம விழுப்புரம் மாவட்டத்தைப் போலப் பல மாவட்டங்களைச் சேர்த்தால் வருகிற பரப்பு. அங்கே இறால் பிடிக்கிறவர்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு தூரம் போய்த்தான் வலை விட வேண்டியிருக்கிறது. விதைத்தவர் ஒருவர், பட்டினி கிடப்பவர் வேறொருவர்.

நம்ம கடலிலும் அறிகுறி உண்டு. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இராத்திரி அலை நீல நிறத்தில் ஒளி விட்டது. ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஒளியைக் கொடுத்தது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், பாம்பன் மண்டபம் பக்கத்தில், அது பெருகித் தண்ணீர் பச்சையாக மாறியது. அங்கே மீனவர்கள் அதைப் பூங்கோரை என்பார்கள். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இந்த நாக்டிலூகா பெருகினால் நல்ல நுண்பாசியைத் தின்று தீர்த்துவிடும். அதன் உடம்பில் இருக்கிற அம்மோனியாவும் தண்ணீரைக் கெடுக்கும். பெரும்பாலான மீன்கள் அதை விரும்பித் தின்பதில்லை. சொறி என்கிற ஜெல்லி மீனுக்குத்தான் அது நல்ல தீனி. வலையில் மீனுக்குப் பதில் சொறி நிறைந்தால் மீன்காரர் வீட்டில் உலை எரியுமா?

வாயலூரில் நடந்தது

மீன் குறைவது ஒரு பக்கம். சாப்பிட்ட மனிதருக்கே ஆபத்து வருவது இன்னொரு பக்கம். அதற்கு நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கல்பாக்கத்தை அடுத்துப் பாலாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வாயலூர் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டு அங்கே மட்டி வாங்கிச் சமைத்துச் சாப்பிட்ட ஜனங்கள் திடீரென்று நோயில் விழுந்தார்கள். 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தில் விழிஞ்ஞத்தில் இதே மாதிரி கடல் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஐந்நூறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மட்டி கெட்டுப்போன மட்டி அல்ல. உயிரோடு பிடித்த நல்ல மட்டிதான். நடந்தது என்னவென்றால், சில வகை நுண்பாசிகள் நரம்பை மரக்கச் செய்கிற ஒரு நஞ்சை உண்டாக்கும். மட்டியும் சிப்பியும் தண்ணீரை உறிஞ்சி, அதில் இருக்கிற பாசியை வடிகட்டித் தின்கிறவை. நாள் முழுக்க வடிகட்டுவதால் நஞ்சு அதன் உடம்பில் சேர்ந்துபோகிறது. மட்டிக்கு ஒன்றும் ஆகாது. தின்கிற மனிதருக்கு ஆகும். இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. புளி ஊற்றினாலும் மஞ்சள் போட்டாலும் போகாது. ருசியிலும் வாசனையிலும் தெரியாது.

வாயலூர் சம்பவத்துக்கு வயல் உரம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பாசி வகைகள் இயற்கையாகவே கடலில் உண்டு. சாதாரணக் காலத்தில் ஒன்றிரண்டாகக் கிடக்கும். கழியில் சத்து கூடிப்போனால் எந்தக் களை முந்தும் என்று யாருக்கும் தெரியாது. உரம் கூடின வயலில் கோரை முந்துகிற மாதிரி, கெட்ட பாசியும் முந்தலாம். அதுதான் பயம்.

உரம் மட்டுமா?

பழியை விவசாயி தலையில் மட்டும் போடுவது நியாயம் இல்லை. நகரத்துச் சாக்கடையிலும் நிறையத் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. சுத்தம் செய்யாத சாக்கடை கழியில் விழுந்தால் பாசியும் பெருகும், நோய்க் கிருமிகளும் சேரும். இறால் பண்ணையில் தீனி மிச்சமும் கழிவும் கலந்த தண்ணீரை அப்படியே கழியில் விட்டாலும் இதே கதைதான். அதனால்தான் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது.

ஆலைக் கழிவு இன்னொரு வகை ஆபத்து. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட, கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் நம்ம பக்கத்துக் கடலூரும் இருந்தது. ஆலைக் கழிவில் பாதரசம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவை எளிதில் அழியாது. ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. முதலில் பூனைகள் வெறி பிடித்த மாதிரி ஆடிச் செத்தன. 1956-இல் மனிதருக்கும் அந்த நோய் வந்தது தெரிந்தது. கை கால் நடுக்கம், பார்வைக் குறைவு, பிறந்த குழந்தைக்கு ஊனம். எல்லாம் அந்த வளைகுடா மீனைத் தின்றதால்.

பாதரசத்துக்கு ஒரு குணம் உண்டு. பாசியில் துளி இருக்கும். பாசியைத் தின்ற பொடி மீனில் கொஞ்சம் கூடும். பொடி மீனைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கூடும். பல வருஷம் வாழ்கிற சுறாவில் மிக அதிகமாகச் சேரும். டி.டி.டி. மாதிரிப் பூச்சிமருந்துகளும் இப்படித்தான் கொழுப்பில் தங்கி மேலே மேலே ஏறும். 1989-இல் விவசாயத்துக்கு அதைத் தடை செய்ததற்கும், 2011-இல் எண்டோசல்பானைச் சுப்ரீம் கோர்ட் தடுத்ததற்கும் காரணங்கள் உண்டு. வயலில் அடித்தது வயலோடு நிற்பதில்லை.

மீன் வாங்கும்போது

இதையெல்லாம் கேட்டுவிட்டு மீனே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நஷ்டம் நமக்குத்தான். நெத்திலி, காரப்பொடி, மத்தி, கானாங்கெளுத்தி போன்றவை கொஞ்ச காலமே வாழ்கிறவை. நஞ்சு சேர அவற்றுக்கு நேரம் இல்லை. சத்தோ நிறைய, விலையும் குறைவு. தைரியமாகச் சாப்பிடுங்கள். பெரிய சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் இவற்றை எப்போதாவது ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பொடி மீனே மேல்.

மீனைக் கழுவும்போது குடலையும் ஈரலையும் செவுளையும் முழுக்க எடுத்துவிடுங்கள். பாசி நஞ்சு மீனுக்குள் போனாலும் பெரும்பாலும் குடலில்தான் தங்கும், சதையில் அல்ல. பொடி மீனானாலும் தலையைக் கிள்ளும்போது குடலையும் சேர்த்து இழுத்துவிடுவது நல்லது.

கடல் தண்ணீர் சிவப்பாகவோ பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கிறது, மீன் செத்து ஒதுங்குகிறது என்று செய்தி வந்தால், அது தெளிகிற வரைக்கும் அந்தப் பக்கத்து மட்டி, சிப்பி இரண்டையும் தொடாதீர்கள். செத்துக் கரை ஒதுங்கின மீனை யாரும் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதைக் கருவாடு போட்டாலும் நல்லதாகிவிடாது. சாக்கடை விழுகிற கழியில் பிடித்த மட்டி எந்தக் காலத்திலும் வேண்டாம்.

மட்டியோ சிப்பியோ சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் விரல் நுனியும் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, மூச்சு வாங்குவது என்று வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. மந்திரிப்பதும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் மூச்சை மட்டும் சில மணி நேரம் காப்பாற்றிக் கொடுத்தால் ஆள் பிழைத்துவிடுவார்.

வயலில் நாம் செய்யக்கூடியது

இனி நம்ம வேலைக்கு வருவோம். கடலைக் காப்பாற்றுவது பெரிய பேச்சு மாதிரி தெரியும். செய்ய வேண்டியதோ நமக்கே லாபம் தருகிற காரியங்கள்தான்.

முதலாவது, மண் பரிசோதனை. வயலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மேல் குப்பையை விலக்கிவிட்டு, அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் எடுக்காதீர்கள். உங்கள் மண்ணில் மணிச்சத்து ஏற்கனவே நிறைய இருக்கிறது என்று முடிவு வந்தால் டி.ஏ.பி.க்கான காசு உங்கள் மடியிலேயே நிற்கும்.

இரண்டாவது, யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். நெல்லுக்கு அடியுரமாக ஒரு பங்கு, தூர் கட்டும்போது ஒரு பங்கு, கதிர் உருவாகும்போது ஒரு பங்கு, கதிர் வெளிவரும்போது ஒரு பங்கு என்று நாலாகப் பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது கணக்கு. அந்த நிறத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம். பயிரே கேட்கிறபோது கொடுங்கள். கேட்காதபோது கொடுத்தால் அது இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும்தான் விருந்து.

மூன்றாவது, யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு என்று கலந்து ஒரு இராத்திரி வைத்திருந்து போடுங்கள். சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பயிருக்குக் கிடைக்கும்.

நாலாவது, தண்ணீர். மேலுரம் போடும்போது தண்ணீரைச் சீராக வடித்து, மடையையும் வடிகால் வாயையும் மண் வைத்து நன்றாக அடையுங்கள். மூன்று நாளைக்காவது திறக்காதீர்கள். நம்ம பக்கம் சம்பாவுக்கு மேலுரம் போடுகிற காலமும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் ஒன்றாக வருகின்றன. வானிலைச் செய்தியைக் கேட்டுவிட்டு உர மூட்டையைப் பிரியுங்கள். மழை வரும் என்றால் இரண்டு நாள் பொறுங்கள். அவசரப்பட்டால் உங்கள் உரத்தைக் கழுவெளிப் பாசிதான் தின்னும்.

ஐந்தாவது, மல்லாட்டை. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.எம்.வி. ரகங்கள் நாடு முழுக்கப் பேர் வாங்கியவை. அந்த ஊர்க்காரர்களே மல்லாட்டைக்கு யூரியா அள்ளிப் போடலாமா? மல்லாட்டை வேர் முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. மானாவாரிக்கு ஏக்கருக்கு 4 கிலோ தழைச்சத்து போதும். அது யூரியாவாகப் பார்த்தால் 9 கிலோ கூட இல்லை. விதைக்கு ரைசோபியம் கலந்து விதையுங்கள். விழுது இறங்குகிற சமயத்தில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள். காய் திரட்சியாக வரும்.

ஆறாவது, வரப்பு. வாய்க்கால் ஓரத்து வரப்பை அகலமாக வைத்துப் புல் வளரவிடுங்கள். அரித்து வருகிற மண்ணைப் புல் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கும் தீனி ஆச்சு. மருந்து அடித்த கைத்தெளிப்பானை வாய்க்காலிலும் ஏரியிலும் கழுவாதீர்கள். கழுவின தண்ணீரை வயலிலேயே தெளித்துவிடுங்கள். காலி டப்பாவைத் தண்ணீரில் எறியவும் வேண்டாம், வீட்டில் புழங்கவும் வேண்டாம்.

விவசாயப் பெருமக்களே, வருஷத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கரையில் காத்துக் கிடக்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் வீட்டில் வருமானம் சுருங்குகிறது. அவர்கள் கட்டுப்பாடாக இருந்து பெருகவிட்ட மீன், நம்ம வடிகால் தண்ணீரால் கழியிலேயே மூச்சடைத்துச் சாகக் கூடாது. குப்பத்து வீட்டில் வேகிற சோறு நம்ம வயல் நெல். நம்ம வீட்டுக் குழம்பில் கொதிப்பது அவர்கள் வலை மீன். இந்தக் கொடுக்கல் வாங்கல் நம்ம பிள்ளைகள் காலத்திலும் நடக்க வேண்டும்.

இந்தப் பட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாவிட்டாலும், மண் பரிசோதனையும் மடை அடைப்பும் இரண்டையாவது தொடங்குங்கள். இலை வண்ண அட்டைக்கும் ரைசோபியத்துக்கும் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். உதவி வேளாண்மை அலுவலர் வழி சொல்லுவார். ஒரு மூட்டை யூரியா மிச்சமானால் அந்தக் காசுக்கு நல்ல மீனாக வாங்கிச் சாப்பிடுங்கள்.